ஏழாம் எண் காளை

அன்று கூட்டத்தில் இருந்தவர்கள் பின்வருமாறு: மைல்கல் பராமரிப்புத் துறையின் மதுரை மேற்குக் கோட்ட அலுவலர் தமிழ்மாறன்; கண்காணிப்பாளர் சிவபாண்டி; இளநிலை உதவியாளர் பவதாரிணி; ஜீப் ஓட்டுநர் நல்லகாமன்; அலுவலகத்தைக் கூட்டி, தேநீர் வாங்கி வரும் முருகம்மாள்; மைல்கற்களுக்கு வெள்ளையடித்து எண் எழுதும் அழகுபாண்டி. ஆக ஆறு பேர். கணக்கர் ஜெயக்கொடி நீண்ட விடுப்பில் இருந்தார். ஆனால் வருகைப் பதிவேட்டில் அவருடைய கையெழுத்து இருந்தபடியால், கலந்துகொண்டவர்கள் ஏழு பேர் என்று குறிப்பு எழுதப்பட்டது. யாரும் மறுக்கவில்லை. ஜெயக்கொடியும் மறுக்கவில்லை.

பேச வேண்டிய பொருள் ஒன்றுதான்: அலுவலகத்தின் பின்புறம் இருந்த சைக்கிள் கொட்டகை.

இருபது சைக்கிள் நிற்கக்கூடிய கீற்றுக் கொட்டகை அது. அதில் பல வருடங்களாக ஒரே ஒரு சைக்கிள்தான் நின்றது. அது அழகுபாண்டியுடையது. மற்றவர்கள் எல்லாம் ஸ்கூட்டருக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் மாறிய பிறகும் அவர் கீழக்குயில்குடியிலிருந்து சைக்கிளில்தான் வந்தார். வந்ததும் அதைத் துடைப்பார். கிளம்பும் முன்பும் துடைப்பார். கோரிப்பாளையத்து வெயிலில் அரை மணி நேரம் நிறுத்தினால் சீட்டில் தோசை ஊற்றலாம். டியூபில் போட்ட ஒட்டுகள் ஒவ்வொன்றாக வாயைத் திறக்கும். ஆகவே அந்தக் கொட்டகையின் நிழல் அவருக்குச் சம்பளத்துக்கு அடுத்தபடி முக்கியம். சில மாதங்களில் சம்பளத்துக்கும் முந்தி.

தலைமை அலுவலகத்திலிருந்து தணிக்கைக் குறிப்பு வந்திருந்தது. சிவபாண்டி எழுந்து நின்று வாசித்தார்.

“மேற்படி அலுவலகத்தில் சைக்கிள் பயணம் ஏதும் பதிவாகியிருக்கவில்லை. எனவே மேற்படி கொட்டகை பயனற்ற கட்டுமானம் எனக் கருதி, அதனை இடித்து அகற்றி, இடித்த விவரத்தைப் புகைப்படத்துடன் அனுப்பி வைக்கக் கேட்டுக்கொள்ளப்படுகிறது.”

அழகுபாண்டி கூட்டங்களில் பேசுகிறவர் அல்ல. அன்று எழுந்தே விட்டார்.

“சார், நான் தெனமும் சைக்கிள்லதான வாரேன்.”

“வாரீரு. பதிவு இருக்கா?” என்றார் சிவபாண்டி.

“இன்னைக்கும் வந்தேன். இந்தா நிக்கிறேன்ல.”

“நிக்கிறது பயணம் ஆகாதுய்யா. நீரு இங்கன இருக்கீருன்னா அதுக்கு நூறு காரணம் இருக்கும்.”

அழகுபாண்டி யோசித்துப் பார்த்தார். தான் அங்கே இருப்பதற்குச் சைக்கிளைத் தவிர வேறு ஒரு காரணமும் அவருக்குத் தோன்றவில்லை. உட்கார்ந்துவிட்டார்.

அப்போது கோட்ட அலுவலர் தமிழ்மாறன் புன்னகை செய்தார். அவர் புதிதாக வந்தவர். வரும்போதே சைக்கிள் மோகத்தோடு வந்தார். அவருடைய சைக்கிளின் விலையை யாரும் கேட்டதில்லை. அவரே வாரம் ஒரு முறை சொல்லிவிடுவார். ஞாயிற்றுக்கிழமைதோறும் அந்தச் சைக்கிளைக் கார் கூரையில் ஏற்றி, சமயநல்லூர் வரை கொண்டுபோய், இறக்கி, தலைக்கவசமும் கறுப்புக் கண்ணாடியும் மாட்டி, பக்கத்தில் நின்று படம் எடுத்து, மறுபடி ஏற்றிக்கொண்டு வருவார். சைக்கிளுக்கு ஒரு அலுப்பும் தெரியாது.

“கவலை வேண்டாம். நாம் எல்லோருமே சைக்கிள் ஓட்டுவோம். ஒவ்வொருவர் பயணத்தையும் ஜிபிஎஸ் கருவியில் பதிவு செய்வோம். கொட்டகை தப்பிக்கும், உடம்பும் இளைக்கும். குறைந்த விலையில் ஒரு நல்ல கருவியைத் தேர்ந்தெடுங்கள்” என்று சொல்லி, செப்புக் குடுவையிலிருந்து தினைக் கஞ்சியை ஒரு மிடறு குடித்தார்.

“எனக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாதுங்கய்யா” என்றாள் முருகம்மாள்.

“முதலில் கருவி வரட்டும். சைக்கிள் தானாக வரும்.”

உடனே அங்கேயே கொள்முதல் குழு அமைக்கப்பட்டது. குழுவில் இருந்தவர்கள், அறையில் இருந்தவர்கள்தான். முதலில் அலுவலர் தம் கையில் கட்டியிருந்த கடிகாரத்தையே காட்டினார்.

“இது தூரமும் சொல்லும். இதயம் எத்தனை தடவை துடித்தது என்றும் சொல்லும்.”

“அதுல விலை கூடிப்போகுது சார்” என்றார் சிவபாண்டி. “நமக்குத் தூரம் போதும்.”

இதயம் தேவையில்லை என்று குறிப்பு எழுதப்பட்டது.

அடுத்தது, டவுன்ஹால் ரோட்டில் ஒரு கடையில் விற்கும் சின்னப் பெட்டி. ஹேண்டில்பாரில் மாட்டிக்கொள்வது. அந்த விலைக்கு ஒதுக்கீட்டில் ஏழு பேருக்கு மூன்று பெட்டிதான் வாங்க முடியும். மூன்று பெட்டியை ஏழு பேருக்குப் பங்கு போடுவது எப்படி என்று முக்கால் மணி நேரம் ஆலோசித்தார்கள். பெட்டியைப் பிரித்தால் உத்தரவாதம் போய்விடும் என்று தெரிந்தபின் கைவிட்டார்கள்.

பவதாரிணி மெதுவாகச் சொன்னாள். “சார், நம்ம செல்லுலயே அதுக்கு ஒரு செயலி இருக்கு. பையில போட்டுக்கிட்டு ஓட்டினாப் போதும். போன வழி, தூரம், வேகம் எல்லாம் காட்டும்.”

“என்ன விலை?”

“விலையே இல்ல சார். இலவசம்.”

சிவபாண்டி பேனாவை மூடி வைத்தார். “கொள்முதல்னா மூணு விலைப்புள்ளி வாங்கணும்மா. மூணு பேரும் ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்லன்னு எழுதிக் குடுத்தா, அதுல குறைஞ்ச விலை எது?”

பவதாரிணி யோசித்தாள்.

“குறைஞ்ச விலைன்னா என் மாப்ள சோலைகிட்ட ஒண்ணு இருக்கு சார்” என்று ஓட்டுநர் நல்லகாமன் வாசற்படியிலிருந்து சொன்னார். “சமயநல்லூர்ல கடை வச்சிருக்கான். வாடிவாசல்ல அவுத்து விட்ட காளை கூட்டத்தைத் தாண்டி ஓடிருச்சுன்னா, முன்னெல்லாம் கம்மா, கரடு, தோப்புன்னு நாள் கணக்கா அலையணும். இப்பக் கழுத்துல இதைக் கட்டி விட்டுர்றாங்க. செல்லுல பாத்து நேராப் போயிப் பிடிச்சுக்கிட்டு வந்துருவாங்க.”

“மாட்டுக்குக் கட்டுறதாய்யா?”

“மழைல நனையலாம், சேத்துல புரளலாம், முட்டினாலும் உடையாது. சைக்கிளுக்கு இம்புட்டு கெட்டி தேவையே இல்ல சார்.”

அலுவலர் கண்ணை மூடினார். “நம் மண்ணின் தொழில்நுட்பம்” என்றார்.

மூன்று விலைப்புள்ளிகள் மறுநாளே வந்தன. ஒன்று சோலையின் கடையிலிருந்து. ஒன்று அவர் மனைவி முனீஸ்வரி நடத்துவதாகச் சொல்லப்பட்ட கடையிலிருந்து. ஒன்று அவர்கள் வீட்டிலிருந்து. மூன்றும் ஒரே கையெழுத்தில் இருந்ததால் ஒப்பிட்டுப் பார்ப்பது சுலபமாக இருந்தது. ஏழு கருவிகள் வந்து இறங்கின. ஒவ்வொன்றும் சோப்புக் கட்டி அளவு; கழுத்தில் கட்டச் சிவப்புப் பட்டை; பட்டையில் ஒரு மணி. மணியும் அதே விலைக்குள் அடக்கம்.

கருவியை இயக்கும் முன் ஒவ்வொரு காளையின் விவரத்தையும் நிரப்பச் சொல்லியது அதன் செயலி. பெயர், இனம், வயதைக் காட்டும் பல் எண்ணிக்கை, உரிமையாளர். எந்தக் கட்டத்தையும் காலியாக விட முடியாது.

“சார், நான் எப்படிக் காளை ஆவேன்?” என்றாள் பவதாரிணி.

“அது நிர்வாகப் பேருதாம்மா. மனசுல வச்சுக்காத” என்றார் சிவபாண்டி. உரிமையாளர் என்ற இடத்தில் எல்லோருக்கும் ‘துறை’ என்று எழுதினார். யாருக்கும் ஆட்சேபணை இல்லை. பல் விஷயத்தில்தான் சங்கடம். நேரில் பார்க்காமல் எழுதக் கூடாது என்று, டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு மேசை மேசையாகப் போனார். கோட்ட அலுவலரும் வாயைத் திறந்து காட்டினார். எண்கள் பதவி வரிசைப்படி வழங்கப்பட்டன. அலுவலர் காளை எண் ஒன்று. விடுப்பிலிருந்த ஜெயக்கொடி எண் மூன்று. அவருடைய கருவி அவருடைய நாற்காலியில் கட்டப்பட்டது. கடைசியில் வந்த அழகுபாண்டி எண் ஏழு. அவர் அதைச் சைக்கிளின் ஹேண்டில்பாருக்குக் கீழே, பெயின்ட் உராயாமல், பழைய துணி சுற்றிக் கட்டினார்.

“அண்ணே, மணிச் சத்தம் கேட்டு ஆளுக ஒதுங்குறாங்களா?” என்று முருகம்மாள் கேட்டாள்.

“ஆளு ஒதுங்கல. பசுமாடுகதான் திரும்பிப் பாக்குதுக.”

கருவிகள் அனுப்பும் தகவல்கள் அலுவலகத்தின் செல்லுக்கு வந்தன. சாயங்காலம் அதைப் பவதாரிணி உரக்க வாசிப்பாள். எல்லோரும் சூழ்ந்து நின்று கேட்பார்கள்.

“காளை எண் ரெண்டு. காலை பத்து மணி முதல் இடம் மாறாமல் அசைபோடுகிறது.”

சிவபாண்டி தலையசைத்தார். தகவல் சரியாகவே இருந்தது.

“காளை எண் ஒண்ணு. வண்டியில் ஏற்றிச் செல்லப்படுகிறது. களவு போயிருக்கலாம்.”

“நான் சமயநல்லூருக்கு...” என்று ஆரம்பித்த அலுவலர், முடிக்காமல் கஞ்சி குடித்தார்.

“காளை எண் மூணு. எழுபத்திரண்டு மணி நேரமாக அசையவில்லை. தங்கள் இழப்பில் பங்கு கொள்கிறோம்.”

“ஜெயக்கொடி போன வருசத்திலேர்ந்தே அசையல” என்றார் நல்லகாமன். “மெசினுக்கு இப்பத்தான் தெரியுது.”

“காளை எண் ஏழு. கீழக்குயில்குடி முதல் கோரிப்பாளையம் வரை சீராக மேய்கிறது. நல்ல காளை.”

அழகுபாண்டி தரையைப் பார்த்தார். காது சூடானது. அவருடைய இத்தனை வருடச் சேவையில், அவரை நல்லவர் என்று துறை எழுத்தில் ஒப்புக்கொண்டது அதுதான் முதல் தடவை. அன்று வீட்டுக்குப் போகும்போது தேநீர்க் கடையில்கூட நிற்கவில்லை. நின்றால் அசைபோடுகிறது என்று வந்துவிடும்.

மாதம் முடிந்தது. ஏழு பேரில் ஐந்து பேருக்கு இன்னும் சைக்கிள் வந்து சேரவில்லை. அலுவலருக்கு இருந்தது, ஆனால் அது சாலையில் இறங்கவில்லை. எப்படியோ ஒரு பயணமாவது பதிவாகிவிட்டது. செயலி தானே தயாரித்துக் கொடுத்த அறிக்கையைத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பத் தயார் செய்தார்கள். பவதாரிணிக்கு மட்டும் ஒரு சந்தேகம்.

“சார், தலைப்புல ‘காளைகள் நடமாட்ட அறிக்கை’ன்னு இருக்கு. சைக்கிள்னு மாத்திரட்டுமா?”

“மெசின் அடிச்சதுல கை வச்சா அது போலி ஆவணம்மா. அப்படியே விடு.”

அலுவலர் கையெழுத்துப் போட்டார். அறிக்கை தக்க நடவடிக்கைக்காகப் பணிந்து அனுப்பப்பட்டது.

அந்தத் துறையில் ஒரு கடிதத்துக்குப் பதில் வர ஒரு வருடம் ஆகும். இதற்கு ஒரே வாரத்தில் வந்தது. சிவபாண்டி எழுந்து நின்று வாசித்தார்.

“தங்கள் அலுவலக வளாகத்தில் ஏழு காளைகள் செம்மையாகப் பராமரிக்கப்பட்டு வருவதும், அவற்றுள் ஒன்று இறந்ததும் அறியப்பட்டது. கால்நடை நல நிதியில் செலவாகாத தொகை இருப்பதால், மேற்படி சைக்கிள் கொட்டகை தொழுவமாக அறிவிக்கப்படுகிறது. அதனை இடிக்கலாகாது. காதில் அடையாள வில்லை அணிந்த காளைகள் தவிரப் பிறவற்றை அதில் நிறுத்தலாகாது. கோடை முடியும் வரை பகல் பன்னிரண்டு முதல் மூன்று மணி வரை காளைகளை எந்த வேலையும் வாங்கலாகாது. நிழலில் நிறுத்தி, தண்ணீரும் தீவனமும் தர வேண்டும்.”



“இடிக்க வேணாம்னு வந்திருச்சு” என்றார் அழகுபாண்டி, மெதுவாக. அவர் காதில் அது ஒன்றுதான் விழுந்திருந்தது.

“தவறு நடந்திருக்கிறது” என்றார் அலுவலர். “நாங்கள் காளைகள் அல்ல என்று உடனே பதில் எழுதுங்கள்.”

“எழுதலாம் சார். எழுதினா நம்ம அறிக்கை பொய்யின்னு ஆயிரும். அதுல உங்க கையெழுத்து இருக்கு.”

அலுவலர் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். வெளியே சித்திரை வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. “பகல் மூன்று மணி வரையா?” என்று கேட்டார்.

“ஆமா சார். எந்த வேலையும்னு தெளிவா இருக்கு.”

“விதியை மதிக்க வேண்டியதுதான்” என்றார்.

மறுநாள் கால்நடை மருத்துவர் முத்துமீனா ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். ஒரு பையில் மஞ்சள் காது வில்லைகள் ஐம்பது. பின்னால் ஒரு தள்ளுவண்டியில் தவிட்டு மூட்டைகள்.

“காளைகள்லாம் எங்க சார்?”

சிவபாண்டி தொண்டையைக் கனைத்துக்கொண்டு, “நாங்கதாம்மா” என்றார்.

முத்துமீனா அவர்களை ஏற இறங்கப் பார்த்தாள். கையிலிருந்த பட்டியலையும் பார்த்தாள். “பல்லெல்லாம் சரியாத்தான் இருக்கு. எனக்கு இந்த மாசம் ஐம்பது உருப்படிக்கு வில்லை மாட்டியாகணும். பட்டியல்ல நீங்க ஏழுதான் இருக்கீங்க. பரவால்ல, வரிசையா வாங்க. காதுல குத்தணும்.”

“குத்தணுமா?” என்று நல்லகாமன் வாசலைப் பார்த்து நகர்ந்தார்.

“காதுல இருக்கணும்னுதான விதி. குத்தித்தான் இருக்கணும்னு இல்லயே” என்றார் சிவபாண்டி. தம்முடைய வில்லையை மூக்குக் கண்ணாடியின் காம்பில், காதோரமாக மாட்டிக் காட்டினார். அழகாகவே இருந்தது. கண்ணாடி இல்லாதவர்கள் அடையாள அட்டைக் கயிற்றில் கோத்துக் காதில் சுற்றிக்கொண்டார்கள். பவதாரிணி கம்மலோடு சேர்த்து மாட்டினாள். இறந்துபோன எண் மூன்றுக்கும் ஒரு வில்லை வழங்கப்பட்டது. பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து இருந்தது.

அழகுபாண்டி வில்லையைக் கையில் வைத்து யோசித்தார். தொழுவத்தில் காளை நிற்கலாம். காளை நின்றால் காளையின் சாமானும் நிற்கலாம். தன் சாமான் சைக்கிள். கணக்கு சரியாக வந்தது. மாட்டிக்கொண்டார்.

பன்னிரண்டு மணிக்கு எல்லோரும் கொட்டகைக்குள் போனார்கள். முருகம்மாள் ஒரு மூட்டைத் தவிட்டைப் பால்காரரிடம் கொடுத்து, ஒரு குடம் மோராக மாற்றி வந்திருந்தாள். அலுவலர் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றிவிட்டுக் கால் நீட்டி உட்கார்ந்தார். அவர் இவ்வளவு நிம்மதியாக இருந்து யாரும் பார்த்ததில்லை.

அந்த நேரம் பார்த்து, தன் வீட்டு வாசலை அடைத்து நிற்கும் மைல்கல்லை நகர்த்தச் சொல்லி மனுவோடு வந்தார் கருப்பு. மூன்றாவது வருடமாக வருகிறவர். கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தார்.

“என்ன சார், எல்லாரும் இங்கன இருக்கீங்க?”

“மூணு மணி வரைக்கும் எங்கள வேலை வாங்கக் கூடாதுங்க” என்று சிவபாண்டி விளக்கமாகச் சொன்னார். காதைக் காட்டினார்.

கருப்பு மனுவை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். “எனக்கும் ஒரு வில்லை போட்டுக் குடுங்க.”

“உங்க மனு?”

“கல்லு எங்க போயிறப் போவுது.”

முத்துமீனா மகிழ்ச்சியோடு மாட்டிவிட்டாள். கருப்பு தன் அண்ணனுக்கு செல்லில் சொன்னார். அண்ணன் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். வண்டியிலிருந்த பயணிகளோடு வந்து இறங்கினார். பயணிகளில் இரண்டு பேர் சோறு கொண்டு போய்க் கொடுக்கும் வேலைக்காரர்கள். அவர்கள் தங்கள் கூட்டாளிகளைக் கூப்பிட்டார்கள். கோரிப்பாளையம் சந்திப்பில் நின்றிருந்த போக்குவரத்துக் காவலர், வண்டிகள் எல்லாம் ஒரே பக்கம் திரும்புவதைப் பார்த்து விசாரிக்க வந்தார். விசாரித்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார்.

“தள்ளி உக்காருங்கண்ணே, காளைக்குக் காளை இடம் குடுக்கணும்ல.”

“மாப்ள, கால மிதிக்காத. மிரண்டுறப் போறேன்.”

நெருக்கடி கூடியது. யாரோ எழுந்து, மூலையில் நின்ற சைக்கிளை உருட்டி வெளியே விட்டார்கள். அழகுபாண்டி கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடி வந்தார்.

“அய்யா, அது என் சைக்கிளு. உள்ளதான் நிக்கணும்.”

“அதுக்கு வில்லை இருக்கா?” என்றார் சிவபாண்டி.

“என் சாமான் சார் அது.”

“சாமானப் பத்தி உத்தரவுல இல்ல. வில்லை மாட்டினாத்தான் உள்ள. டாக்டரம்மாகிட்ட வாங்கி அதுல ஒண்ணு மாட்டும். யாரு வேண்டாங்குறா?”

முத்துமீனா பையைக் கவிழ்த்துக் காட்டினாள். கடைசி வில்லையைச் சற்று முன்தான் தன் காதில் மாட்டியிருந்தாள். “என் இலக்கு முடிஞ்சது. உங்களுதைக் கழட்டி அதுல மாட்டிருங்க. ஆனா அப்புறம் நீங்க உள்ள இருக்க முடியாது.”

“வில்லை இல்லாத ஆளுக்குப் பணி நேரம் இது” என்று சிவபாண்டி நினைவூட்டினார். “சமயநல்லூர் ரோட்டுல நாலு கல்லுக்கு வெள்ளையடிக்கணும்.”

அழகுபாண்டி காதுக்குக் கையைக் கொண்டுபோனார். வெளியே சைக்கிள் வெயிலில் ஒற்றைக் காலில் நின்றது. ஹேண்டில்பாரும் அதன் கீழே கட்டிய கருவியும் பளபளத்தன. ஒரு ஒட்டு வாய் திறக்கும் சத்தம் கேட்டாற்போல் இருந்தது. கயிற்று முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினார்.

“அண்ணே, மோரு” என்று முருகம்மாள் பின்னாலிருந்து செம்பை நீட்டினாள். இஞ்சியும் பச்சை மிளகாயும் தட்டிப் போட்டிருந்தாள். அதை வாங்க ஒரு கை வேண்டும். முடிச்சுக்கு இரண்டு கையும் வேண்டும்.

குடித்துவிட்டு அவிழ்க்கலாம் என்று நினைத்தார். குடித்தார். குடித்தவுடன் எழுந்திருக்கக் கூடாது என்று உட்கார்ந்தார். கீற்றின் வழியே மெல்லக் காற்று வந்தது.

மேசை மேல் கிடந்த அலுவலகச் செல் ஒலித்தது. காளை எண் ஏழின் உடல் வெப்பம் ஐம்பத்து மூன்று டிகிரி, உடனே நிழலுக்குக் கொண்டு செல்லவும் என்று தகவல் வந்திருந்தது. மூன்று மணிக்கு முன் அதை வாசிப்பது வேலையில் சேரும் என்பதால் யாரும் வாசிக்கவில்லை.

அன்றைய கணக்கு இது. கொண்டு வந்த வில்லை ஐம்பது. வழங்கியது ஐம்பது. அதில் ஜெயக்கொடியைக் கழித்து, கொட்டகைக்குள் நாற்பத்தொன்பது. வில்லை மீதம் இல்லை. வெளியே மீதம் ஒன்று.